முகல்லாவின் கால் அணா

ஆகஸ்ட் 2, சனி

காலையிலேயே புழுக்கம். ஏ.சி.யில் புதிதாக ஓர் உறுமல். ஆளைக் கூப்பிட வேண்டும்.

நூலகத்தில் நாணயக் குழு. வழக்கமான முகங்கள். ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ஆண்கள், நடுவில் நான் ஒருத்தி. தலைவர் ஹாங்க் கொண்டுவந்த டோனட் காய்ந்திருந்தது.

புதிதாக ஒருவர். நம் ஊர். எழுபதைத் தாண்டியிருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, காலில் மட்டும் பளீரென்று புது ஸ்னீக்கர்ஸ். மகன் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டாராம். நேராக என்னிடம் வந்தார்.

"அம்மா தமிழா?"

"யெஸ். ஹலோ."

அவ்வளவுதான் சொன்னேன். போய் ஹாங்க் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

உறுப்பினர்கள் எதையாவது கொண்டுவந்து காட்டிப் பேசும் நேரம். அவர் எழுந்தார். வேலாயுதம், ராமநாதபுரம். 'ரெஸ்பெக்டட் சேர்மன் அண்ட் டியர் ஃப்ரெண்ட்ஸ்.' விபூதி டப்பாவிலிருந்து ஒரு செப்புக் கால் அணா. ஒரு பக்கம் விக்டோரியா தலை. ராணியின் கழுத்தின் மேல் வட்டமாக ஒரு மறுமுத்திரை. உள்ளே அரபு எழுத்து, 1307 என்று இஸ்லாமிய வருடம்.

விஷயத்தைச் சரியாகத்தான் சொன்னார். அரேபியாவின் தென்கரையில் ஷிஹ்ர், முகல்லா என்ற துறைமுகங்களை வைத்திருந்த ஒரு சின்ன அரசு. குஐத்தி சுல்தான்கள். ஹைதராபாத் நிஜாமுக்குப் படை நடத்திச் சம்பாதித்த குடும்பம். சொந்தக் காசு வரும்வரை, கப்பலில் வந்த இந்தியச் செப்புக்காசின் மேல் தங்கள் பெயரைக் குத்திக் கடைத்தெருவில் விட்டார்கள். இந்தக் காசு ஒரு கீழக்கரை நண்பர் வீட்டில் இருந்தது. நண்பர் இறந்த பிறகு பிள்ளைகளிடம் விலைக்கு வாங்கியிருக்கிறார்.

காசு கைமாறி என்னிடம் வந்தது. லென்ஸ். திருப்பி வருடம் பார்த்தேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்தேன். ஆங்கிலத்தில். முத்திரையின் 1307-ஐ நம் கணக்குக்கு மாற்றினால், காசு அதைவிட ஐந்தாறு வருடம் பிந்தியது. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆகவே முத்திரை போலி என்றேன்.

சிரித்தார்கள். 'குட் கேட்ச்' என்றார் ஹாங்க்.

அவர் கையிலிருந்த தாளை மடித்தார். 'தேங்க் யூ, மேடம்.' உட்கார்ந்துவிட்டார். பாதிப் பேச்சு பாக்கி.

போலியைப் போலி என்று சொல்லத்தானே குழு. ஆனால் இதையும் எழுதிவிட வேண்டும். அவர் 'ரெஸ்பெக்டட்' என்றதும் ஹாங்க் என்னைத் திரும்பிப் பார்த்தார், உங்கள் ஆளா என்பதுபோல. எனக்குக் காது சுட்டது. அதற்குப் பிறகுதான் பையிலிருந்து லென்ஸை எடுத்தேன்.

சாப்பிடும்போது ராகவனிடம் சொன்னேன்.

"பாவம்ப்பா, முடிக்க விட்டிருக்கலாம்ல?"

"தப்பா இருக்கறத முடிக்க விடணுமா?"

"நீ லேப்ல மாத்திரையை ஃபெயில் பண்ற மாதிரி மனுஷங்களையும் பண்ற."

ரசம் நன்றாக வந்திருந்தது. இரண்டாம் முறை போட்டுக்கொள்ளவில்லை.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

மழை, பத்து நிமிடம். பிறகு முன்னைவிட மோசம்.

வாங்க வேண்டியது: கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல் (ஃப்ரோஸன்), து.பருப்பு, ரா.வுக்கு முறுக்கு.

இந்தியக் கடையில் நித்யா. தமிழ்ப் பள்ளி நாட்களிலிருந்து தெரிந்தவள், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட். வண்டி நிறைய வாழைப்பழம்.

"அக்கா, ஃப்ரைடே வரலக்ஷ்மி நோன்பு. கண்டிப்பா வரணும். நீங்க சாமி கும்பிட வேணாம், வெத்தலை பாக்கு வாங்கிக்க வாங்க."

சிரித்தேன். பார்க்கலாம் என்றேன். வழக்கமாகப் போகமாட்டேன்.

"ஊர்லேர்ந்து மாமனார் மாமியார் வந்திருக்காங்க. போர்டீன்த் கிளம்பறாங்க. மாமாதான் நேத்துலேர்ந்து ஒரே மூட் அவுட். லைப்ரரில ஏதோ காயின் கிளப்பாம், அங்க ஒரு எக்ஸ்பர்ட் அவர் காசை டூப்ளிகேட்னு சொல்லிட்டாங்களாம்."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரோ ஒருத்தங்க, படிச்சவங்கன்னாரு. அதுக்கு மேல சொல்லல. காசு போனாப் போகுதுக்கா. கார்த்திக்தான் டென்ஷனாயிட்டான். 'அப்பாவை எவனோ ஏமாத்தியிருக்கான், இன்னும் எங்கெங்க ஏமாந்தாரோ'ன்னு பென்ஷன் அக்கவுன்ட்டை எடுத்துக்கிட்டான். இனிமே ஓ.டி.பி. எல்லாம் கார்த்திக் போனுக்குத்தான் வரும். மாமா பத்து ரூபா எடுக்கணும்னாலும் இங்க கேட்டுட்டு எடுக்கணும்."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"சரிப்பா, நீ சொன்னா சரின்னுட்டாரு."

பேசிய ஆள் தமிழ் என்று அவர் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்கள் நடுவில் ஒரு தமிழ்ப் பெண், நித்யாவிடம் சொன்னால் ஊகித்திருப்பாள். சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. கறிவேப்பிலை வாங்க மறந்து திரும்பிவந்தேன்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

வீட்டிலிருந்து வேலை. பத்து மணி மீட்டிங் ரத்து. ஏ.சி. ஆள் வியாழன்தான் வருவானாம்.

என்னிடமும் ஒரு முகல்லா காசு உண்டு. இழுப்பறையின் மூன்றாம் தட்டு. பல வருடங்களுக்கு முன் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் வாங்கியது. கழுத்தில் போ டை கட்டிய வெள்ளைக்காரக் கிழவர், தட்டச்சு செய்த உறை. உறையில் எழுதியிருந்ததைப் படித்தேன், அப்படியே உள்ளே வைத்தேன். அன்றோடு சரி.

இன்று எடுத்துப் பார்த்தேன். கால் அணா. முத்திரை 1307. காசின் வருடம் வேலாயுதம் அங்கிளுடையதைவிடவும் பிந்தியது.

அந்தக் கழித்தல் கணக்கை என் காசுக்கு நான் போட்டதே இல்லை. போ டைக்காரர் கொடுத்தது என்பதால் தோன்றவில்லை. ராமநாதபுரத்திலிருந்து விபூதி டப்பாவில் வந்ததும் உடனே தோன்றியது.

சந்தேகம் என் சுபாவம் என்று இத்தனை நாள் பெருமை. ஆள் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரம், இரண்டும் போலியாக இருந்துவிடட்டும் என்று நினைத்தேன். உண்மையாகவே ஆசைப்பட்டேன். என் காசு போனால் போகிறது, நான் சொன்னது நிற்கட்டும்.

இந்த முத்திரைகளை மட்டுமே சேர்க்கும் ஒருவர் ஐரோப்பாவில் இருக்கிறார். என் காசின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன்.


ஆகஸ்ட் 7, வியாழன்

பதில். சின்னது. முத்திரையிலுள்ள வருடம், அதைக் குத்தப் பயன்பட்ட குத்துளியைச் செய்த வருடமாம். மாற்றாமல் பிறகும் குத்திக்கொண்டிருந்தார்கள் என்பது அவர் கருத்து. பிந்திய காசுகளில் அதே 1307-ஐப் பலமுறை பார்த்திருக்கிறார். முத்திரையின் பள்ளமும் காசின் முகமும் சேர்ந்தே தேய்ந்திருக்கின்றன, போலியில் அப்படி வராது. 'அழகான காசு, நன்றாக வைத்திருங்கள்.'

ரப்பர் ஸ்டாம்ப்பில் பழைய வருடம் இருந்தால் அதையே குத்தும் அலுவலகங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

நாளை நோன்புக்குப் போக வேண்டும். அங்கிளைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். பிறகு கார்த்திக்கிடம்.

ஏ.சி. சரி. ஃபேனில் ஒரு குச்சி மாட்டியிருந்ததாம். அதற்கு ஒரு பில்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

புடவை. ரா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

நித்யா வீட்டில் கூட்டம். செருப்புகள் லிஃப்ட் வரை. கலசத்துக்கு வெள்ளி முகம் வைத்து, குட்டிப் பாவாடை கட்டி, எல்.இ.டி. சரம் போட்டிருந்தாள். பையன்கள் ஒரு அறையில் கேம். ஆண்கள் பால்கனியில். அங்கிள் அங்கே ஓரத்து நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, "வாங்கம்மா" என்றார். முதல் முறை பார்ப்பதுபோல. கார்த்திக் பக்கத்தில். எதுவும் சொல்ல முடியவில்லை.

சுண்டல், பாயசம். என் வலப்பக்கம் ஒருத்தி கிரீன் கார்டு தேதியைப் பற்றி, இடப்பக்கம் ஒருத்தி முழங்காலைப் பற்றி.

அங்கிளின் மனைவி பார்வதியம்மா ஒவ்வொருவருக்கும் குங்குமம் கொடுத்துத் தாம்பூலப் பை தந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி, பழம், ஒரு காசு. எல்லார் பையிலும் குவார்ட்டர் டாலர். என்னிடம் வந்ததும் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"தாயி, உங்களுக்கு மட்டும் வேற. அவுகதான் சொன்னாக, அந்த அம்மாவுக்குப் பழங்காசு பிடிக்கும், அதை அவங்க பையில போடுன்னு."

வெற்றிலை மடிப்பில் கால் அணா. புதுச் சொம்புபோல மின்னியது.

"நோம்புச் சொம்பெல்லாம் புளி, உப்புப் போட்டுத் தேச்சேன்ல, அதோட சேர்த்து இதையும் நல்லா அழுத்தித் தேச்சுப்புட்டேன். எம்புட்டு அழுக்கு! டூப்ளிகேட்டாமே. இருந்தா என்ன, செம்புதானே. செம்புக் காசு வெச்சுக் குடுத்தா விசேஷம்."

நூறு வருடப் பழுப்பு போய்விட்டது. ராணியின் கன்னம் இளஞ்சிவப்பு. முத்திரையின் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் கருப்பு.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். தாம்பூலத்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. அத்தனை பேர் நடுவில் இது போலி இல்லை, நான் சொன்னது தப்பு என்று சொல்லியிருக்கலாம். வாய் திறந்து, "பாயசம் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.


ஆகஸ்ட் 9, சனி

தலைவலி. வெயில்.

காசைச் சமையலறை மேஜையில் பார்த்த ரா., "இது அந்த அங்கிளோடதுதானே? உங்கிட்ட எப்படி?"

சொன்னேன்.

"போலின்னு சொன்ன. இப்ப நிஜம். இப்ப உங்கிட்ட இருக்கு." கொஞ்சம் யோசித்து, "வெளியிலேர்ந்து பார்த்தா எப்படித் தெரியும்னு யோசிச்சியா?"

யோசிக்காமலா. நேற்று லிஃப்டிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். விலை பெரிதல்ல, ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாடு. அது இன்னும் கேவலமாக இருக்கிறது.

நித்யாவுக்குப் போன் செய்ய எடுத்தேன். துணி மடித்தேன்.


ஆகஸ்ட் 11, திங்கள்

வேலை முடிந்து நேராக பிளெய்ன்ஸ்பரோ. அங்கிள் சாயங்காலம் அபார்ட்மென்ட் குளத்தைச் சுற்றி நடப்பார் என்று நித்யா ஒருமுறை சொன்னது. கூட்டத்துக்கு முந்தின வாரம் முழுக்க அங்கேதான் பேச்சை ஒத்திகை பார்த்தாராம். தனக்குத் தானே ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு போனவரை ஒரு வெள்ளைக்கார அம்மா நிறுத்தி, 'ஆர் யூ ஓகே?' என்று கேட்டிருக்கிறாள்.

இருந்தார். வாத்துகளுக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"அங்கிள், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அது நிஜக் காசுதான்."

வருடக் கணக்கைச் சொன்னேன், குத்துளியைச் சொன்னேன், என் இழுப்பறையைச் சொன்னேன். தமிழில் சொல்ல நேரம் பிடித்தது. கேட்டுக்கொண்டே நடந்தார்.

"அப்ப நான் சொன்னது சரி."

"எல்லாமே சரி."

"ம்."

ஒரு சுற்று முடிந்தது. காசை எடுத்து நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வெத்தலை பாக்கோட குடுத்ததும்மா. திரும்ப வாங்கினா வீட்டுக்கு ஆகாது. பார்வதி என்னைக் குளத்துல தள்ளிருவா."

"அப்ப கார்த்திக்கிட்ட நான் பேசறேன். அந்த அக்கவுன்ட் விஷயம் நித்யா சொன்னா."

அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. முகம் மாறியது.

"பேசினா அவன் நம்ப மாட்டான்மா. பெரியவரு மனசு சங்கடப்படுறாரேன்னு சும்மா சொல்றீங்கன்னு நினைப்பான். நம்ம ஆளுங்க அப்படித்தானே பேசுவோம்? நீங்க போலின்னதை ஏன் நம்பினான்? முகத்துக்கு நேரா, நாலு பேர் முன்னால சொன்னீங்க. அதனால நம்பினான்."

ஏன் அதை என் பையில் போடச் சொன்னீர்கள் என்று கேட்டேன். திட்டுவார் என்றுதான் கேட்டேன்.

"அந்த வீட்ல அது என்னன்னு வேற யாருக்கும்மா தெரியும்?"

கோபமே இல்லை. வாத்து ஒன்று என்னைப் பார்த்துச் சீறியது. அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.


ஆகஸ்ட் 13, புதன்

குழுவுக்கு மின்னஞ்சல். நிறைய அடித்தேன். ஒவ்வொன்றிலும் 'இருந்தாலும்' வந்து உட்கார்ந்துகொண்டது. இருந்தாலும் சந்தேகம் நியாயமானது, இருந்தாலும் எவரும் இதையே. எல்லாம் அழித்து: திரு. வேலாயுதம் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு, காரணம் இது. அனுப்பினேன். அப்படியே கார்த்திக்குக்கும். அன்று பேசியது நான்தான் என்று மேலே ஒரு வரி.

ஹாங்க்: 'நோ வொரீஸ்! எல்லாருக்கும் நடப்பதுதான்.' ஒரு கட்டைவிரல். மற்றவர்களிடமிருந்து ஒன்றுமில்லை. அவர்களுக்கு அது ஒரு சனிக்கிழமை.

கார்த்திக்: 'ஸோ ஸ்வீட் ஆஃப் யூ, ஆன்ட்டி. அப்பாகிட்ட காட்டினேன். ஹி வில் ஃபீல் பெட்டர்.' ஒரு கைகூப்பல்.

அங்கிள் சொன்னபடியே.


ஆகஸ்ட் 14, வியாழன்

அவர்கள் விமானம் மாலை. லேபில் முழுநாளும். போன் செய்யவில்லை. என்ன சொல்வது, ஹேப்பி ஜர்னியா.


செப்டம்பர் 6, சனி

மேகம். இரவுக்கு மழை என்கிறார்கள்.

கார்த்திக்கை வரச்சொல்லி மூன்று தடவை செய்தி அனுப்பியிருந்தேன். தொல்லை தாங்காமல்தான் வந்திருப்பார். பின்வரிசை, ஒரு கையில் போன், மறுகையில் கார் சாவி.

காட்டிப் பேசும் நேரத்தில் எழுந்தேன். இத்தனை வருடத்தில் உட்கார்ந்து திருத்தியிருக்கிறேனே தவிர எழுந்து பேசியதில்லை. இரண்டு காசு. பழுப்பில் என்னுடையது, பளபளப்பில் அவருடையது. அவர் சொல்லவந்து நான் நிறுத்திய இடத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் சரி, நான் அவசரப்பட்டேன். ஏன் அவசரப்பட்டேன் என்பதையும். இந்தியாவிலிருந்து டப்பாவில் வந்ததால் நம்பவில்லை, இங்கே உறையில் வந்ததால் என்னுடையதை நம்பினேன். உங்கள் முன்னால் அவரோடு சேர்த்து என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன். இதைச் சொல்லும்போது ஹாங்க் டோனட்டைக் கீழே வைத்தார்.

யாரோ கேட்டார், அந்தப் பளபளப்புக் காசு உங்களிடம் எப்படி வந்தது?

தாம்பூலத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது. "போலி என்று நான் சொன்ன பிறகு எனக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்றேன்.

'நைஸ் ட்ரிக்,' என்றார் இன்னொருவர். 'நானும் முயற்சி செய்ய வேண்டும்.'

நன்றாகச் சிரித்தார்கள். ஹாங்க்கும். மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது. முகம் கொதித்தது. அது தணியும்வரை நின்றேன், தணியவில்லை, உட்கார்ந்தேன். பின்வரிசையில் கார்த்திக் மட்டும் சிரிக்கவில்லை. போன் தொடைமேல் கவிழ்ந்து கிடந்தது.

பார்க்கிங்கில் ஓடிவந்தார்.

"ஆன்ட்டி, வெயிட். அப்ப அது நிஜமாவே ஒரிஜினலா? ஐ மீன், அந்த மெயில் நீங்க அப்பாவுக்காக போட்டதுன்னு..."

"எனக்கு அப்படியெல்லாம் போடத் தெரியாது, கார்த்திக்."

என்னைப் பார்த்தார். இவ்வளவு பேர் முன்னால் எவளும் சும்மா இதைச் செய்துகொள்ள மாட்டாள் என்று கணக்குப் போட்டது தெரிந்தது. அங்கேயே, என் காரின் மேல் சாய்ந்துகொண்டு, ஊருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில். ராமநாதபுரத்தில் டி.வி. சத்தம்.

"அப்பா, அந்தக் காசு ஒரிஜினல்தான்ப்பா. நீங்க கரெக்ட்டாத்தான் வாங்கியிருக்கீங்க."

"அது எனக்குத் தெரியும்டா. ஓ.டி.பி. எப்ப என் போனுக்கு வரும்?"

கார்த்திக் தலையைச் சொறிந்தார். "இன்னிக்கே மாத்திடறேன்ப்பா. ஸாரிப்பா."

டி.வி. சத்தம் குறைந்தது. யாரோ ரிமோட்டை எடுத்திருக்க வேண்டும்.

"அந்த அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

கார்த்திக் போனை என் பக்கம் நீட்டினார். நான் வேண்டாம் என்று கையசைத்தேன். காரின் கதவைத் திறந்தேன்.

"இல்லப்பா," என்றார். "இப்பத்தான் கிளம்பினாங்க."